பழைய வங்கிக் கட்டடத் தூண்கள்: சுமை தாங்கவா, நம்பிக்கை ஊட்டவா?

நீலவரைவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். மூடிக் கிடக்கும் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை அளந்து வரைந்து, இனி அதை என்னவாகப் பயன்படுத்தலாம் என்று திட்டம் கொடுக்க வேண்டும். நகரின் நடுவில், மூலை மனை. முகப்பில் ஆறு கொரிந்தியன் தூண்கள் (தலையில் இலைவேலைப்பாடு உள்ள கிரேக்க பாணித் தூண்கள்), அவற்றின் மேல் முக்கோண முகப்பு. உள்ளே நுழைந்தால் ஒரே பெரிய கூடம். அந்தக் கூடத்தின் மேல்பாதியை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "வங்கிக்காரர்கள் பணத்திமிரைக் காட்ட வைத்த தூண்கள் இவை, ஒரு வேலையும் செய்யாத அலங்காரம். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே மூன்று தளம் போட்டால் இடமாவது கிடைக்கும்" என்கிறார்கள் பாதிப் பேர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேச என்னிடம் சரக்கு இல்லை. தூண்கள் உண்மையில் சுமை தாங்குகின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வங்கிக்கும் கிரேக்கக் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்மா, தினமும் கையில் படுகிற வேலை இது.

தூணில் ஜாயின்ட், அதாவது கல்லும் கல்லும் சேரும் கோடு, எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். சுமை தாங்கும் கல் தூண் பெரும்பாலும் உருளைக் கற்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியதாக இருக்கும். அதில் தூணைச் சுற்றி வரும் படுக்கை ஜாயின்ட் மட்டும்தான் தெரியும். மேலிருந்து கீழே நெடுக்காக ஒரு ஜாயின்ட் ஓடினால், உள்ளே உருக்கோ செங்கலோ நிற்கிறது, கல் அதன் மேல் போர்த்தியது என்று அர்த்தம். அந்த நெடுக்கு ஜாயின்ட்டைக் கொத்தர்கள் சாமர்த்தியமாக ஒளித்து வைப்பார்கள். கொரிந்தியன் தூணில் வழக்கமாக 24 பள்ளக் கோடுகள், ஒவ்வொரு இரண்டு பள்ளத்துக்கும் நடுவே ஒரு தட்டைப் பட்டை. அந்தப் பட்டையின் ஓரத்தில், நிழல் விழும் இடத்தில் ஜாயின்ட்டைக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் பிடிபடாது. வெயில் பக்கவாட்டில் விழும்போது தூணின் பின்பக்கம், கதவை ஒட்டிய பக்கம் தேடுங்கள்.

ஜாயின்ட்டே இல்லையென்றால் ஒரே கல்லில் எடுத்த தூண். நியூயார்க்கில் வால் தெரு 55ஆம் எண் கட்டடத்தின் கீழ் வரிசைத் தூண்கள் அப்படிப்பட்டவை.

கட்டிய ஆண்டையும் கண்டுபிடியுங்கள். 1880களுக்குப் பிறகு உருக்குச் சட்டகம் பரவலானது. அதற்கு முந்தைய கட்டடம் என்றால் பெரும்பாலும் தூண் சுமையைத் தாங்கும். 1900க்குப் பிந்தையது என்றால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. இன்னொன்று, தூண்தலையில் உள்ள இலைவேலைப்பாட்டை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கல் என்றால் சத்தம் அடங்கிப் போகும். உள்ளே வெற்றிடமாகக் கேட்டால் அது சுட்ட மண். கல் நிறத்தில் மெருகு போட்டுச் சுட்ட மண் ஓடுகளைப் பொருத்துவது அந்தக் காலத்தில் சாதாரணம். மலிவான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அச்சு செய்தவனின் கைத்திறன் ஒவ்வொரு இலை நுனியிலும் தெரியும்.

---

விதானம் எழுதியது:

கோயிலுக்கும் வங்கிக்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

'பணத்திமிர்' என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு பிலடெல்பியாவில் நிற்கிறது. அமெரிக்காவின் இரண்டாம் மத்திய வங்கி தன் தலைமையகத்துக்கு 1818இல் வடிவமைப்புப் போட்டி அறிவித்தபோது கேட்டது என்ன தெரியுமா? கிரேக்கக் கட்டடக்கலையை அதன் மிக எளிய, மிகச் செலவு குறைந்த வடிவில் பின்பற்ற வேண்டும் என்பதைத்தான். ஜெயித்தவர் வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட். 1819இல் தொடங்கி 1824இல் முடித்தார். ஏதென்ஸில் உள்ள பார்த்தினான் என்ற பழைய கிரேக்கக் கோயிலை மாதிரியாக எடுத்துக்கொண்டாலும் அதை அப்படியே நகல் எடுக்கவில்லை. பார்த்தினானில் நான்கு பக்கமும் தூண் வரிசை ஓடும். ஸ்ட்ரிக்லண்ட் முன்னும் பின்னும் எட்டெட்டு டோரிக் தூண்களோடு (தலையில் அலங்காரமில்லாத எளிய வகை) நிறுத்திக்கொண்டு, பக்கச் சுவர்களில் ஜன்னல் வைத்தார். கணக்கு எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டாமா? பக்கத்தில் தூண் வரிசை போட்டிருந்தால் உள்ளே இருட்டடித்திருக்கும். ஒரு கோயில் அலுவலகமாக மாறியது எப்படி என்பது அந்தப் பக்கச் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஸ்ட்ரிக்லண்டின் குரு பெஞ்சமின் லட்ரோப். அதே ஊரில் அவர் 1801இல் முடித்த பென்சில்வேனியா வங்கி இதற்கு முன்னோடி. முன்னும் பின்னும் அயோனிக் தூண்கள் (தலையில் சுருள் உள்ள வகை), நடுவில் குவிமாடம் கொண்ட வட்டக் கூடம். கூரை மரத்தால் ஆனதல்ல, கல்லும் செங்கல்லும் வளைத்துக் கட்டியது. காரணம் நெருப்பு. அன்றைக்கு வங்கியின் சொத்து என்பது பெரும்பகுதி காகிதம்: பேரேடு, கடன் பத்திரம், நோட்டு. கட்டடம் எரிந்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கே போய்விடும். எனவே தடித்த சுவரும் வளைகூரையும் வங்கிக்கு அத்தியாவசியத் தேவை. அந்தத் தேவைக்கு ஏற்கெனவே பொருந்தி நின்ற கட்டடக்கலை, கனமான கல்லில் வேலை செய்த கிரேக்க ரோமானிய மரபு. அந்த வங்கி இன்று இல்லை. 1860களில் இடித்துவிட்டார்கள். அந்த நாட்டுக் கட்டடக்கலையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இழப்பு அதுதான்.

---

நேர்கோடு எழுதியது:

விதானம் சார், நெருப்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது 1801 கதை. நூறு வருடம் கழித்து உருக்கும் கான்கிரீட்டும் வந்த பிறகும் அதே தூணை ஒட்டவைத்தார்களே, அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற நிதி நிறுவனத்தின் கட்டடம் நல்ல உதாரணம். நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில், மெக்கிம் மீட் அண்ட் ஒயிட் நிறுவனம் வடிவமைத்து 1904இல் முடிந்தது. பிரமாண்டமான கொரிந்தியன் தூண்கள். மூன்றே வருடத்தில், 1907 அக்டோபர் 22 அன்று, டெபாசிட் போட்டவர்கள் பணத்தைக் கேட்டு அந்தத் தூண்களுக்கு நடுவே முண்டியடித்தார்கள். சில மணி நேரத்தில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தூண் எதைத் தாங்கியது?

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயிஸ் சல்லிவன் அப்போதே இந்தப் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் மாற்றையும் கட்டிக் காட்டினார். மினசோட்டா மாநிலம் ஓவடோனாவில் 1908இல் அவர் முடித்த வங்கியில் ஒரு கிரேக்கத் தூணைக்கூடப் பார்க்க முடியாது. மணற்கல் அடித்தளம், அதன் மேல் செங்கல் சுவர், பெரிய அரைவட்ட வளைவுகளில் வண்ணக் கண்ணாடி. வங்கிக்கான கண்ணியம் அதில் குறைந்தா போயிற்று?

---

விதானம் எழுதியது:

நண்பரே, ஓவடோனா வங்கி எனக்கும் உயிர். அதில் சண்டை இல்லை.

ஆனால் நிக்கர்பாக்கர் உதாரணத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அமெரிக்காவில் டெபாசிட்டுக்கு மத்திய அரசின் காப்பீடு சட்டமானது 1933இல்தான். அதுவரை பணம் போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இருப்புக் கணக்கை வாங்கிப் படித்துப் புரிந்துகொள்ள எத்தனை பேரால் முடியும்? கண்ணுக்குத் தெரிந்த ஒரே சாட்சி கட்டடம். 'இவ்வளவு கல்லைப் போட்டுக் கட்டியவன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட மாட்டான்' என்ற கணக்கு. அந்த நம்பிக்கை நிக்கர்பாக்கரில் பொய்த்தது உண்மை. நிர்வாகம் செய்த தவறு அது. அதைக் கொத்தனார் தலையில் கட்ட முடியாது.

காப்பீடு வந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள், இந்த வாதம் உறுதியாகும். அதே ஐந்தாம் அவென்யூவில் 1954இல் மேனுஃபாக்சரர்ஸ் டிரஸ்ட் தன் கிளையை முழுக்க முழுக்கக் கண்ணாடியில் கட்டியது. ஸ்கிட்மோர் ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தின் கார்டன் பன்ஷாஃப்ட் வேலை. ஸ்ட்ராங் ரூமின் 30 டன் கதவைத் தெருவில் நடப்பவர் கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். முன்பு தடித்த சுவர் சொன்ன அதே சேதியை இப்போது அந்தக் கதவு சொன்னது. தூண் போய்விட்டது, சாட்சி தேடுகிற பழக்கம் போகவில்லை.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. எல்லா வங்கியும் கோயில் மாதிரி இல்லை. இத்தாலிய மாளிகை மாதிரி இன்னொரு வகை உண்டு. தூண் இருக்காது. கீழ்த்தளத்தில் பெரிய பெரிய கற்கள், ஜாயின்ட்டை ஆழமாக வெட்டி ஒவ்வொரு கல்லும் புடைத்துத் தெரியும்படி விட்டிருப்பார்கள். மேலே போகப் போகக் கல் மழமழப்பாகும். நியூயார்க்கின் ஃபெடரல் ரிசர்வ் வங்கி அந்த வகை. யார்க் அண்ட் சாயர் நிறுவனம் வடிவமைத்து 1924இல் முடிந்தது. ஃபிளாரன்ஸ் நகர மாளிகைகள்தான் மாதிரி. தங்கம் வைத்திருக்கும் அறை தெருவுக்குக் கீழே 80 அடி ஆழத்தில், பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த அறைக்குக் கதவு கிடையாது. 90 டன் எடையுள்ள உருக்கு உருளை ஒன்று சுழன்று வழியை அடைக்கும். கட்டட வேலை தெரிந்தவர்கள் அந்தச் சுவர்க்கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று வரைபடத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

---

பேரேடு எழுதியது:

நான் கட்டடக்கலை படித்தவனில்லை. இப்படிப்பட்ட கட்டடம் ஒன்றில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் வெளியே நின்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டடத்தின் உயிர் கூடத்தில் இருக்கிறது. படியேறி, தூண்களுக்கு நடுவே நுழைந்து, ஒரு தாழ்வான முன்னறையைத் தாண்டித்தான் கூடத்துக்குள் வர முடியும். முன்னறையின் உயரம் வேண்டுமென்றே குறைவு. அதைத் தாண்டியதும் தலைக்கு மேலே ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். முதல் தடவை வருகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று மேலே பார்ப்பார்கள். குரல் தானாகத் தணியும். எங்களுக்கு அது பெரிய உதவி. கூட்டம் அதிகமான நாளிலும் கவுன்டரில் கத்தல் குறைவு. பளிங்கும் உயரமும் சேர்ந்து சத்தத்தை எதிரொலிக்கும் என்பதால், நாங்களும் மெதுவாகவே பேசப் பழகிவிட்டோம்.

கவுன்டர் முன்னால் தரைப் பளிங்கைத் தடவிப் பாரும்மா. ஆட்கள் வரிசையில் நின்று நின்று அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும். கவுன்டர் பலகையில் காசு தள்ளிய இடமும் அப்படித்தான். வெண்கலக் கம்பித் தடுப்பு இருந்தால், கைபட்ட உயரத்தில் மட்டும் மினுங்கும், மேலே கறுத்திருக்கும். இதையெல்லாம் உன் வரைபடத்தில் குறித்துக்கொள். கூடத்தில் யார் எங்கே நின்றார்கள், எந்தக் கவுன்டரில் கூட்டம் என்று அந்தத் தேய்மானம் காட்டிக்கொடுக்கும்.

மேலாளர் அறை எங்கே என்றும் பார். பெரும்பாலும் கூடத்தின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், எல்லாக் கவுன்டரும் தெரிகிற இடத்தில் இருக்கும். மூன்று தளம் போட்டால் இதெல்லாம் என்ன ஆகும்? படியேறி உள்ளே வருகிறவன் தலை தட்டுகிற கூரையைத்தான் பார்ப்பான்.

---

நீலவரைவு எழுதியது:

ஐயா, இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மிக்க நன்றி. கவுன்டர் இருந்த இடத்தைத் தரையில் தேடுகிறேன்.

எனக்கு இப்போது புது சந்தேகம். எங்கள் கட்டடத்தில் பக்கச் சுவர்களில் ஜன்னல் மிகக் குறைவு. பின்பக்கம் அடுத்த கட்டடத்தோடு ஒட்டியிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கில் டியூப் லைட் போட்டுத்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய கூடத்துக்கு அந்தக் காலத்தில் வெளிச்சம் எப்படி வந்திருக்கும்?

---

விதானம் எழுதியது:

மேலிருந்து வந்திருக்கும். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

வங்கிக் கட்டடத்தின் பெரிய சிக்கலே இதுதான்: திருடனுக்கும் கலகக் கும்பலுக்கும் வழி விடாமல் வெளிச்சத்துக்கு மட்டும் வழி விட வேண்டும். இதற்கு மிக அழகான விடை கண்டவர் ஜான் சோன். இங்கிலாந்து வங்கிக்கு 1788 முதல் 1833 வரை, 45 வருடம் கட்டடக்கலைஞராக இருந்தார். அவர் பொறுப்பேற்பதற்கு எட்டு வருடம் முன்னால், 1780இல், லண்டன் கலவரத்தில் கும்பல் அந்த வங்கியைத் தாக்கியிருந்தது. ஒட்டினாற்போல் இருந்த தேவாலயத்தின் மேலேறி யாராவது வங்கியைத் தாக்கிவிடக்கூடும் என்று பயந்து, அதை இடித்து அந்த மனையையும் வங்கியோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த அளவுக்குப் பயம். கலவரத்துக்குப் பிறகு ராத்திரிக் காவலுக்கு வரத் தொடங்கிய ராணுவ வீரர்கள் 1973 வரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள்.

சோன் என்ன செய்தார்? தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் ஜன்னலே வைக்கவில்லை. கதவு மாதிரி, ஜன்னல் மாதிரி வெறும் உருவம் மட்டும் கல்லில் வரும். தூண்களும் மாடங்களும் சேர்ந்து அந்த நீண்ட சுவரை அலுப்பில்லாமல் கொண்டுபோகும். வடமேற்கு மூலையில், இத்தாலியின் டிவோலியில் உள்ள வட்டக் கோயிலை நினைவுபடுத்தும் தூண் வளையம் வைத்துச் சுவரைத் திருப்பினார். மூலை மனை என்கிறீர்களே, அதை அவசியம் பாருங்கள். கட்டடம் மூலையில் திரும்புவது எப்படி என்பதில் கலைஞனின் கெட்டிக்காரத்தனம் தெரிந்துவிடும்.

உள்ளே போனால் எல்லா வெளிச்சமும் கூரையிலிருந்து. 1792இல் தொடங்கிய பங்குப் பிரிவு அலுவலகக் கூடத்தில் வளைகூரைக்கு நடுவே கண்ணாடிக் கூண்டு வைத்தார். கனத்தைக் குறைக்க வளைவுகளில் உள்ளே வெற்றிடமான சுட்டமண் குடுவைகள். நெருப்பும் பிடிக்காது, எடையும் குறைவு. சுவர் மெலிந்து, வெளிச்சம் வளைவின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு இறங்கும். அந்தக் கூடங்களில் பெரும்பாலானவை 1925க்குப் பிறகு ஹெர்பர்ட் பேக்கர் திரும்பக் கட்டியபோது இடிபட்டன. சோனின் வெளிச்சுவர்தான் பெரும்பகுதி மிஞ்சியது. பங்குப் பிரிவுக் கூடத்தை அங்கே உள்ள அருங்காட்சியகத்துக்காக 1980களில் மறுபடி அமைத்தார்கள்.

உன் குழுவினர் சொல்கிற திட்டம் அதேதான் தங்கையே: முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே இடிப்பது. லண்டனில் அதைச் செய்து முடித்து, நூறு வருடமாகக் கட்டடக்கலை வரலாற்றாளர்கள் அதை நினைத்துப் புலம்புகிறார்கள்.

அந்த ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு கோடுகூட வரையாதே. கூரைக் கண்ணாடி ஒழுக ஆரம்பித்ததும் மேலே தார் பூசி மூடிவிட்டு, கீழே சீலிங் போட்டு மறைப்பது பல ஊர்களில் நடந்த வேலை. கட்டம் கட்டமாகக் குழிந்த பழைய விதானம் அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

---

நேர்கோடு எழுதியது:

கூடத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. கூடம் உண்மையானது, தூண் வெறும் மேலுடுப்பு என்பதுதான் என் நிலை, அது மாறாது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இடத்தின் உரிமையாளர் கூடத்தைச் சும்மா வைத்திருக்க மாட்டார். அவருக்கு வருமானம் வர வேண்டும். கூடத்தை உடைக்காமல் பிழைத்த கட்டடம் இருக்கிறதா? அதைக் காட்டினால் அந்தப் பெண்ணின் கையில் வலுவான வாதம் இருக்கும்.

---

விதானம் எழுதியது:

இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் உள்ள கிளீவ்லண்ட் டிரஸ்ட் வங்கி, ஜார்ஜ் போஸ்ட் வடிவமைத்து 1908இல் திறந்தது. வட்டக் கூடம், மேலே 61 அடி அகல வண்ணக் கண்ணாடிக் குவிமாடம். 1996இல் மூடினார்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. 2015இல் அதே கூடத்தில் பலசரக்கு அங்காடி வந்தது. குவிமாடத்துக்கு அடியில் காய்கறியும் சாப்பாட்டு மேசையும். ஒரு தளத்தையும் குறுக்கே போடவில்லை. பல பேர் வந்து போகும் பொது இடமாகப் பிறந்த கூடம், பொது இடமாகவே தொடர்கிறது. பிலடெல்பியாவில் ரோமின் குவிமாடக் கோயிலான பாந்தியன் மாதிரி கட்டிய கிரார்டு டிரஸ்ட் கூடம் ஹோட்டலின் வரவேற்புக் கூடமாயிற்று. நியூயார்க் பவரி தெருவில் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் 1895இல் முடித்த சேமிப்பு வங்கி விழா மண்டபமாயிற்று.

தளம் தேவைப்பட்டால் கூடத்துக்கு மேலே சேர்த்தவர்களும் உண்டு. முன்னால் சொன்ன வால் தெரு 55 அப்படித்தான். 1842இல் வணிகர் மாளிகையாக முடிந்த கட்டடம். 1907க்குப் பிறகு நேஷனல் சிட்டி வங்கிக்காகப் பெரிதாக்கியபோது, மெக்கிம் நிறுவனம் கீழே இருந்த அயோனிக் வரிசைக்கு மேல் கொரிந்தியன் வரிசை ஒன்றை ஏற்றியது. கீழே கனமானது, மேலே மெலிந்தது என்ற ரோமின் கொலோசியத்து முறைதான். எது பழசு எது புதுசு என்று தெருவில் நிற்கிறவருக்குத் தோன்றவே தோன்றாது.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

நல்லது. வேலை ஆரம்பிக்கும் முன் கல்லைக் கெடுக்காமல் இருக்க வழி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்துக் கல்லைக் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் கறுப்பைப் போக்க மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்தார்கள். மூன்று மழைக்காலம் தாண்டுவதற்குள் இலைவேலைப்பாட்டின் நுனியெல்லாம் மொழுக்கென்று ஆகிவிட்டது. கல்லின் வெளித்தோல்தான் கெட்டி. அதை உரித்தால் உள்ளே தண்ணீர் தாராளமாகப் போகும். மெல்லிய நீர்த்தூவலும் மென்மையான தூரிகையும் போதும், பொறுமைதான் வேண்டும்.

ஜாயின்ட்டை சிமென்ட் போட்டு அடைக்கவே கூடாது. சிமென்ட் கல்லைவிட இறுகிவிடும். உள்ளே போன ஈரம் ஜாயின்ட் வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வரும், கல் பொடியும். சுண்ணாம்புக் காரைதான் சரி. கல்லைவிடக் காரை பலவீனமாக இருந்தால் தேய்வது காரை, மறுபடி பூசிக்கொள்ளலாம்.

மிக முக்கியமானது இரும்பு. பழைய வங்கிகளில் கல்லைக் கல்லோடு பிணைக்க உள்ளே இரும்புக் கிளாம்ப் வைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டுத் துருப்பிடித்தால் அது பல மடங்கு உப்பும், கல்லை உள்ளேயிருந்து பிளக்கும். முக்கோண முகப்புக்குக் கீழே நீண்டு நிற்கும் கொடுங்கையைத்தான் முதலில் பாருங்கள், மழைநீர் நிற்பது அங்கேதான். பழுப்புக் கறையோடு நேர்கோட்டில் ஒரு விரிசல் ஓடினால் அதற்குப் பின்னால் கிளாம்ப் இருக்கிறது. அதை மேலே பூசி மறைக்காமல், கல்லைத் திறந்து இரும்பை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத உருக்கை வைக்க வேண்டும்.

---

நீலவரைவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காவலாளி உதவியால் இன்று ஒரு சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். டார்ச் அடித்தால் மேலே கட்டம் கட்டமான விதானம் தெரிகிறது, நடுவில் நீள்சதுரமாக இரும்புச் சட்டம். கண்ணாடி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஒரே கறுப்பு. தூணின் பின்பக்கம் பார்த்தோம், பட்டையோரமாக நெடுக்கு ஜாயின்ட் இருக்கிறது. உள்ளே உருக்குதான் போல. குழுவில் மறுபடி கூடிப் பேசப் போகிறோம். கூடத்தை உடைக்காமல் நூலகமாக வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

நல்ல யோசனைம்மா. நூலகம் என்றால் புத்தக அலமாரியின் பாரம் அதிகம், கூடத்தின் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ராங் ரூம் கீழ்த்தளத்தில் இருந்தால் அதன் கூரை மிகத் தடிமனாக இருக்கும். கனமான அலமாரிகளை அதற்கு நேர் மேலே வைக்கப் பாருங்கள், ஆனால் பொறியாளர் கணக்குப் போட்டுச் சரி என்ற பிறகுதான். விதானத்தின் மேலே இருக்கும் அந்த இரும்புச் சட்டத்தைக் கூரை மேலேறி வெளியிலிருந்து பாருங்கள். சாரம் கட்டாமல் ஏற வேண்டாம், மூடிய கண்ணாடி மேல் கால் வைத்தால் தாங்காது. தாரைச் சுரண்டுவதற்கு முன்னால் ஒரு கை அகலத்துக்கு மட்டும் எடுத்துப் பார்த்து, படம் எடுத்து இங்கே போடுங்கள்.